ஆஸ்பத்திரிக் குரல்

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பெங்களூரில் நீ சேரப்போகும் படிப்புக்கான புத்தகம் உன் கையில் இருந்தது. "அம்மா, பேச வர்ற நோயாளிகிட்ட நாம உண்மையா இருக்கணும்னு இதுல பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கு. உண்மையா இருக்கிறதைப் பயிற்சி எடுத்துப் பழகிக்க முடியுமா? பழகிக்கிட்டா அப்புறம் அது உண்மையா?" என்றாய். நான் அப்பாவின் வேட்டியை மடித்துக்கொண்டே, "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டேன். "ஆரம்பிச்சிட்டியா" என்று சிரித்துவிட்டு நீ படியிறங்கிப் போய்விட்டாய். இருபது வருடமாக இந்த ஊர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில், துன்பப்பட்டு வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கேட்பதுதான் என் வேலை. இருந்தும் உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று அன்றே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் கேள்வியை உன் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

நாளை சாயங்காலம் நீ பஸ் ஏறுகிறாய். இப்போது மத்தியானம். நீ நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாய்; அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். இதை எழுதி உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் பதினாறு வருடமாக நாம் மூவரும் பேசாமல் இருக்கும் ஒன்று உண்டு. உன் தங்கை. அவளைப் பற்றிப் பேசாமலே நீ என் தொழிலுக்குள் போய்விட்டால், என் மௌனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாய் என்று பயமாக இருக்கிறது. நேரில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. எழுத்தில் ஒரு வசதி, குரல் கிடையாது.

அந்தக் குரலுக்குப் பெயர் வைத்தவன் நீ. பன்னிரண்டு வயதில் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தாய். நான் உன்னை உட்காரவைத்து, மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், "உனக்கு இது எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அம்மா, திட்டணும்னா திட்டு. ஆஸ்பத்திரிக் குரல்ல பேசாத" என்றாய். உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை முள்ளாகத் தங்கிவிட்டது. அந்தக் குரல் எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. எதிரே இருப்பவர் உன்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது, கேள்வி கேட்டால் கேள்வியையே திருப்பிக் கொடு, கண்ணாடிக்குச் சொந்த முகம் இருக்கக் கூடாது என்று என் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சுமையைப் பிறர் தலையில் ஏற்றாமலிருக்க அது உதவும். ஆனால் எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. நான் சிறு வயதிலிருந்தே யாரிடமும் மனம்விட்டுப் பேசாதவள். என் கூச்சத்துக்கு ஒரு பட்டமும் மேஜையும் கிடைத்தன.

உனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒருத்தி வாராவாரம் வியாழக்கிழமை என்னிடம் வந்தாள். மானாவாரி நிலமும் நாலு மாடும் உள்ள குடும்பம். அவளுடைய நாலு வயது மகன் கிணற்றில் விழுந்து இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கிணற்று மேட்டில் அவனை உட்காரவைத்துவிட்டுப் புல் அறுக்கப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு தூக்கமில்லை, சாப்பாடு இல்லை. சாப்பிடும் நேரத்தில் மட்டும் அவனுடைய சின்னத் தட்டை எடுத்துவைத்து அதில் ஒரு பிடி சோறு போடுவாளாம். அழைத்துவந்த புருஷனுக்கு எங்கள் வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. "ஊசி போட மாட்டீக, மாத்திரையும் கொஞ்சந்தேன் குடுப்பீக. பேசியே சரியாக்கிருவீகளா? எங்க ஊர்ல பேசிப் பேசித்தேன் சண்டையே வருது" என்பார். பேச்சியம்மாள் அவரைப் பார்த்து, "நீ போயி டீ குடி. இங்கன நின்னா நீயும் பேச ஆரம்பிச்சிருவ" என்பாள். அவ்வளவு துக்கத்திலும் அவள் நாக்கில் ஒரு கூர்மை இருந்தது. அவள் சொன்னதையே நான் வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்வதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். "எங்க ஊர் மலையும் இப்பிடித்தாம்மா. நம்ம சத்தத்தையே நமக்குத் திருப்பிக் குடுக்கும்" என்றாள். நான் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

ஆனாலும் பேசினாள். நாலாவது வாரம் அந்தப் புல்வெளியில் தான் பாட்டுப் பாடிக்கொண்டு அறுத்ததைச் சொன்னாள். பாட்டுச் சத்தத்தில்தான் மகன் கூப்பிட்டது கேட்கவில்லையோ என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "புரியுது" என்றேன் நான். ஐந்தாவது வாரம், எழுந்து போகும் நேரத்தில், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகம்மா?" என்றாள். முதல் நாள் நான் அவளிடம் அதையே கேட்டபோது, "பெத்தது மூணு, நிக்கிறது ரெண்டு" என்று சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். நான் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், இதமாகவே, "ஒரே பையன்" என்றேன்.

இதைக் கவனமாகப் படி. என்னைப் பற்றிச் சொல்லாமலிருக்க எனக்கு உரிமை இருந்தது. "அதைப் பத்தி இங்க பேச முடியலைம்மா" என்று சொல்லியிருந்தால் அது உண்மையான பதிலாக இருந்திருக்கும்; அவளும் அதை மதித்திருப்பாள். நான் கதவைச் சாத்தவில்லை. இல்லாத ஒரு சுவரைக் காட்டி, இங்கே கதவே கிடையாது என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை, வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் பிரிவின் ஆயா ராக்கம்மா, "இந்த அம்மாவும் புள்ளையப் பறிகுடுத்தவுகதேன். ரெண்டு வயசுப் பொம்பளப்புள்ள" என்று சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாள் உள்ளே வந்து உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, உங்களுக்குப் பொம்பளப்புள்ள ஒண்ணு இருந்துச்சாமே?" என்றாள். "போன புள்ளைய நாங்க விட்டுட்டு எண்ண மாட்டோம். சந்தையில முன்னப்பின்ன தெரியாதவுக கேட்டாக்கூட, பெத்தது இம்புட்டு, நிக்கிறது இம்புட்டுன்னுதேன் சொல்லுவோம். நீங்க படிச்சவுக, ஒண்ணுன்னுட்டீக. நான் எம்மகனைச் சொல்லி அழுதப்பல்லாம் புரியுது புரியுதுன்னீகளே. புரிஞ்சவுக சொல்ற பதிலாம்மா அது?" அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, "உங்களுக்குக் கோபம் வந்திருக்கு" என்பது. அந்தக் குரலில்தான். அவள் தலையை ஆட்டினாள். "கோவம் இல்லம்மா. கூச்சமா இருக்கு. ஒங்க முன்னாடி சீலை இல்லாம நின்னுட்டேன். நீங்க மட்டும் போத்திக்கிட்டு உக்காந்திருந்திருக்கீக." பிறகு, "வாரேம்மா" என்று மரியாதையாகவே சொல்லிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு கார்டு எழுதினேன், பதில் இல்லை. மறு வருடம் அவள் புருஷன் தன் தாயின் கண்ணைக் காட்ட வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். பேச்சியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கா. சாப்புடுறா. மாடு கண்ணு பாக்குறா. பேச்சுத்தேன் இல்ல" என்றார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று உனக்கு எழுத மாட்டேன். அப்படி நடந்திருக்கும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. தேறாமலும் போயிருக்கலாம். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் ஒரே ஒருமுறை ஒருவரிடம் சொன்னாள், அந்த ஒருவர் நானாக இருந்துவிட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

இதைப் படித்துவிட்டு, எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிடாதே. அந்தத் தப்பையும் நான் செய்திருக்கிறேன். பேச்சியம்மாளுக்குப் பிறகு மனம் உறுத்திக்கொண்டிருந்த நாட்களில், மனைவியை இழந்த ஒரு வாத்தியார் திருமங்கலத்திலிருந்து வந்தார். அவர் அழுதபோது நானும் என் கதையைச் சொல்லிவிட்டேன். காய்ச்சல், அந்த இரண்டு நாட்கள், எல்லாவற்றையும். அடுத்த வாரம் அவர் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? தூக்கம் வருதா?" என்று கேட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம், "எனக்கு இப்பப் பரவாயில்லம்மா. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்று விடைபெற்றுப் போனார். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. எனக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அன்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை அவருக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் நீ கேட்டது இருக்கிறது. எங்கே என்று சுட்டிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு முறை அதன் பக்கத்தில் போயிருக்கிறேன் என்று தோன்றுகிறது. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், குடியை நிறுத்த வந்தவர், "மேடம், இந்த வாரம் தொடவே இல்ல" என்றார். முன்பானால் "அது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பேன். அன்று களைத்துப் போயிருந்தேன். "எனக்கு நம்பிக்கை வரலைங்க. ஆனா நம்பணும்னு ஆசையா இருக்கு" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்பத்தான் மேடம் ஒரு ஆள்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு. ரெண்டு நாள் குடிச்சேன். செவ்வாயும் வெள்ளியும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் விடாமல் வந்தார். முழுக்க நிறுத்தினாரா என்றால் இல்லை. ஆனால் பொய் சொல்வதை நிறுத்தினார். நான் அவரிடம் என் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் கவனி.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உன் தங்கை இறந்தபோது உனக்கு ஆறு வயது. அவளுக்கு முதல் நாள் லேசான காய்ச்சல். இரண்டாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன்; சுட்டது. ஆனால் அன்று எனக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மூன்று மணிக்கு ஆள் வந்து சொன்னபோது நான் ஒருவரிடம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதை உன் அப்பாவிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவளுடைய சட்டைகளையும் ஒரே ஒரு போட்டோவையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினார். "அவன் சின்னப் பையன், மறந்துருவான்" என்றார். நான் மனோதத்துவம் படித்தவள். மறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்தேன்.

பத்து நாள் கழித்து நீ சமையலறை வாசலில் வந்து நின்று, "பாப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு, உன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, உன் கண்ணைப் பார்த்து, "பாப்பா இல்லாதது உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்றேன். எல்லாம் சரியாகச் செய்தேன். எங்கள் வகுப்பில் அதற்கு முழு மார்க் கிடைத்திருக்கும். நீ என் முகத்தைப் பார்த்தாய். அதில் எதைத் தேடினாயோ அது கிடைக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய். பிறகு நீ கேட்கவே இல்லை. அந்த மாதக் கடைசியில் உன் பென்சில் டப்பாவில் எறும்பு மொய்த்தது. திறந்து பார்த்தேன். பாதி பிஸ்கட்டுகள், நாலைந்து. அவள் இருந்தபோது நீ எப்போதும் பாதியை அவளுக்கு வைப்பாய். டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு தாய் தன் மகனின் தட்டில் ஒரு பிடி சோறு வைப்பதை எனக்குச் சொன்னபோது, அந்த டப்பாதான் என் கண்முன் வந்தது. அவளிடமும் சொல்லவில்லை.

ஆகவே, உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதிலிருந்து தொடங்கலாம் என்பது மட்டும் தெரிகிறது. உனக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் நீ படித்ததை எடைபோட மாட்டார்கள். உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஆறு வயதில் நீ என் முகத்தைப் பார்த்ததுபோல. சொல்ல முடியாததைச் சொல்ல முடியவில்லை என்று சொல். இருப்பதை இல்லை என்று மட்டும் சொல்லாதே. இதையெல்லாம் எழுதிவிட்டேன், ஆனால் இந்தக் கடிதத்தில் இதுவரை அவள் பெயரை நான் எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்கு மேல் எழுதுவது நீ போன பிறகு. கடிதத்தை உன் பெட்டியில் வைக்கவில்லை. இரண்டு முறை பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். கடைசியில் என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும். நான் பார்த்தபடி எழுதிவைக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சில், மடியில் ஒரு பலாப்பழத்தோடு, திண்டுக்கல் போகிற அம்மா ஒருத்தி இருந்தாள். அப்பா உனக்கு ஏதோ வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தார். அவள் உன் பெட்டியைப் பார்த்து, "மகனா? எங்கிட்டுப் போறாப்ல?" என்றாள். சொன்னேன். "எம்புட்டுப் பிள்ளைக ஒங்களுக்கு?" என்றாள். முந்திய நாள் மத்தியானம் முழுவதும் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் வாய் தானாகவே, "ஒரே பையன்" என்றது.

நீ பஸ் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பாமலே, "இல்லக்கா, ரெண்டு பேரு. தங்கச்சி சின்னதுலயே போயிருச்சு" என்றாய்.

"ஆத்தாடி" என்றாள் அவள். "பேரு என்ன வச்சிருந்தீக?"

அப்போதுதான் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உனக்குப் பெயர் தெரியும். சொல்லாமல் இருந்தாய். "வசந்தி" என்றேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தாள். இரண்டாவது முறை சொன்னேன். "எங்க நாத்தனா மக பேரும் வசந்திதேன். கம்பத்துல கட்டிக் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பலாப்பழத்தை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

அப்பா நமக்குப் பின்னால் முறுக்குப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. பொட்டலத்தைப் பிரித்து உன்னிடம் நீட்டினார். "அவளுக்கு முறுக்கைக் கடிக்க வராது. நனைஞ்சு போற வரைக்கும் கையில வச்சு நக்கிக்கிட்டே இருப்பா" என்றார்.

உன் பஸ் ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டது. நாங்கள் டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினோம். அப்பா பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தார். வீடு வரும்வரை அதைக் கையில் வைத்திருந்தார், தின்னவில்லை.

அம்மா